வயர் இல்லை, மின்சாரம் உண்டு
மின்கலக் கருவிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். வரவேற்பறைச் சன்னலுக்கு மேல் விளக்குச் சரம் கட்ட நான்கு கொக்கிகள் தேவை. நீங்கள் நாற்காலியில் ஏறி முதல் துளையைப் போட்டுவிட்டீர்கள். துளை சிறியதாக இருக்கிறது. பிட்டை மாற்ற வேண்டும். கீழே இறங்க மனமில்லை. டிரில்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இடக்கையால் சக்கைத் திருகுகிறீர்கள். வலக்கை விரல் எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. அது விசையின் மேல் இருக்கிறது.

வயர் உள்ள பழைய டிரில்லைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும்: பிட்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குவது. வயரைப் பார்த்தாலே மின்சாரம் நினைவுக்கு வரும். மின்கலக் கருவியில் அந்த நினைவூட்டல் இல்லை. மேசைமேல் கிடக்கும்போதும், பைக்குள் இருக்கும்போதும், குழந்தை கையில் எடுக்கும்போதும் அது மின்சாரம் இணைக்கப்பட்ட கருவிதான். இந்தப் பிரசுரம் சொல்ல வருவதில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பது.

(கடையில் நீங்கள் ‘பேட்டரி’ என்று கேட்டு வாங்குவதைத்தான் இங்கு மின்கலம் என்கிறோம்.)

முதலில் மின்கலத்தைக் கழற்றுங்கள்

வீட்டில் கருவி இருந்தால் இப்போதே எடுத்து வாருங்கள். படித்துக்கொண்டே செய்து பார்ப்பது நல்லது.

மின்கலத்தின் பக்கத்திலோ முன்புறத்திலோ ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி மின்கலத்தை வெளியே இழுங்கள். பிறகு விசையை ஒருமுறை அழுத்துங்கள். கருவி அசையக் கூடாது. இதுதான் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். பிட், பிளேடு, டிஸ்க் எதை மாற்றினாலும், மாட்டிக்கொண்ட மரத்துண்டை எடுத்தாலும், கருவியைத் துடைத்தாலும், மற்றவரிடம் கொடுத்து அனுப்பினாலும், அன்றைய வேலை முடிந்து எடுத்து வைத்தாலும் முதலில் மின்கலம் கழல வேண்டும். கழற்ற இரண்டு விநாடி ஆகும். சட்டென்று சுருக்கமாகச் சொன்னால், உங்கள் விரல் கூர்மையான பகுதிக்கு அருகே போகுமுன் மின்கலம் உங்கள் சட்டைப் பைக்குள்ளோ மேசைமேலோ இருக்க வேண்டும்.

இப்போது மின்கலத்தைத் திரும்பப் பொருத்துங்கள். பெரும்பாலான டிரில்களில் விசைக்கு மேலே இடம் வலமாக நகரும் ஒரு சிறு பொத்தான் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் பிட் முன்னோக்கிச் சுழலும். மறுபக்கம் தள்ளினால் பின்னோக்கி. அதை நடுவில் நிறுத்தினால் விசை பூட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் டிரில் வைத்திருப்பவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஏணியில் ஏறும்போதும் இறங்கும்போதும், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போதும் பொத்தான் நடுவில் இருக்கட்டும். ஆனால் இது மின்கலத்தைக் கழற்றுவதற்கு மாற்று அல்ல. கை பட்டு அந்தப் பொத்தான் நகர்ந்துவிடலாம். கழற்றிய மின்கலம் தானாக உள்ளே போகாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் கருவியை ஒரு பெட்டியிலும் மின்கலத்தை வேறோர் இடத்திலும் வையுங்கள். விளையாட்டுத் துப்பாக்கியின் வடிவம் அதற்கு இருக்கிறது. பிள்ளைகள் அதை அப்படித்தான் பிடிப்பார்கள்.

கையில் என்ன கட்டியிருக்கிறீர்கள்?

சுழலும் பிட் எதையும் பிடித்தால் விடாது, சுற்றிக்கொண்டே போகும். முழுக்கைச் சட்டையின் நுனி, கழுத்தில் தொங்கும் வேலை அனுமதி அட்டையின் நாடா, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், வெளியே தொங்கும் தாலிச்சங்கிலி எல்லாம் இதில் அடங்கும். சங்கிலியை உடைக்குள் விட்டு மேலே பொத்தானைப் போடுங்கள். கூந்தலை முடிந்து கட்டுங்கள். லுங்கியோடும் சிலிப்பரோடும் வேலை செய்ய வேண்டாம். 2 கிலோ எடையுள்ள கருவி காலில் விழுந்தால் விரல் எலும்பு தாங்காது.

மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கோயிலில் கட்டிய மணிக்கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை அறுக்கச் சொன்னால் பலருக்கு மனம் வராது, அது நியாயமே. அறுக்க வேண்டாம். தொங்கும் நுனிகளைச் சுற்றி உள்ளே செருகி, அதன்மேல் இறுக்கமான கைப்பட்டையோ காயத்துக்குக் கட்டும் துணிப்பட்டையோ போட்டு முழுவதும் மூடிவிடுங்கள். நுனி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பிட்டுக்கு அது போதும்.

கையுறை எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வேலையிடங்களில் கிடைக்கும் தளர்வான வெள்ளைப் பருத்திக் கையுறை டிரில் பிட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து முறுக்கும். டிரில் பிடிக்கும்போது அது வேண்டாம். வெட்டிய தகட்டையும் உடைந்த ஓட்டையும் எடுத்துப் போடும்போது போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டருக்குக் கையோடு ஒட்டிப் பொருந்தும் தடித்த கையுறை தேவை.

சுவரைத் துளைக்குமுன்

மின்கல டிரில்லில் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். கருவியின் 18 வோல்ட் உங்களைத் தாக்காது என்பது சரி. சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் தாக்கும். பிட் அந்த வயரைத் தொட்டால், கருவிக்கு வயர் இருக்கிறதா இல்லையா என்பதால் ஒன்றும் மாறப்போவதில்லை.

சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். வயர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். பக்கவாட்டிலும் போகலாம் என்பதால் வயர், குழாய் கண்டறியும் சிறு கருவியைச் சுவரில் ஓட்டிப் பாருங்கள். அது வன்பொருள் கடைகளில் கிடைக்கும். குளியலறை, சமையலறைச் சுவர்களில் தண்ணீர்க் குழாயையும் எரிவாயுக் குழாயையும் தேடுங்கள்.

மின்கலக் கருவியில் ஓர் அருமையான வசதி உண்டு. அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. வீட்டின் மின்பெட்டியில் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டாலும் இந்த டிரில் வேலை செய்யும். வயர் உள்ள டிரில்லால் அது முடியாது. ஆகவே பகல் வெளிச்சத்தில், மின்சாரத்தை அணைத்துவிட்டுத் துளையுங்கள். அணைத்த பிறகு அந்தச் சுவரில் உள்ள விளக்கையும் பிளக் பாயிண்டையும் போட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். குளிர்பெட்டி பத்து நிமிடம் நின்றால் உள்ளே இருக்கும் மீன் கெட்டுப்போகாது.

அடுத்து, சுவரின் வகை. வீவக வீடுகளில் பல சுவர்கள் கான்கிரீட். திருகாணி முடுக்க வாங்கிய சிறிய 12 வோல்ட் டிரில்லால் அதைத் துளைக்க முயன்றால் பிட் சூடாகும், உள்ளே போகாது. அப்போது நாம் என்ன செய்வோம்? உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துவோம். பிட் முறிந்தாலோ வழுக்கினாலோ அந்த எடையோடு முகம் சுவரில் மோதும். கான்கிரீட்டுக்கு எஸ்டிஎஸ் பிட் போடும் ரோட்டரி ஹேமர் வேண்டும். நான்கு துளைக்காக அதை வாங்க வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள், அல்லது வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

‘பாம் ஷெல்ட்டர்’ என்று நாம் சொல்லும் வீட்டுப் புகலிட அறையின் இரும்புக் கதவைத் துளைக்கவே கூடாது. அதன் சுவர்களுக்கும் தனி விதிமுறைகள் உண்டு. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் வழிகாட்டியைப் பார்த்த பிறகே அங்கு ஆணி, கொக்கி வேலையைத் தொடங்குங்கள்.

பிட் திடீரென்று சிக்கினால்

துளை ஆழமாகும்போதோ, பெரிய வட்டத் துளை போடும் ‘ஹோல் சா’ மரத்தில் மாட்டும்போதோ பிட் சட்டென்று நின்றுவிடும். மோட்டார் நிற்காது. பிட் சுழல முடியாததால் கருவியின் உடல் சுழலும். அதைப் பிடித்திருக்கும் உங்கள் மணிக்கட்டும் அதோடு சேர்ந்து திரும்பும். இன்றைய 18 வோல்ட் டிரில்கள் சிறியவையாகத் தெரிந்தாலும் ஒரு வளர்ந்தவரின் ஒற்றைக் கைப்பிடியை எளிதாக மீறிவிடும். மணிக்கட்டு எலும்பு முறியலாம்.

பக்கவாட்டுக் கைப்பிடி கருவியோடு வந்திருந்தால் அதைப் பொருத்தி இரு கைகளாலும் பிடியுங்கள். பெட்டியிலேயே கிடக்கும் அந்தக் கைப்பிடி பலர் வீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருக்கிறது. திருகாணி முடுக்கும்போது சக்குக்குப் பின்னால் எண்கள் எழுதிய வளையத்தைச் சிறிய எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். குறிப்பிட்ட எதிர்ப்பு வந்ததும் ‘கடகட’வென்று ஒலித்துச் சுழல்வது நின்றுவிடும். போதவில்லை என்றால் ஓர் எண் கூட்டுங்கள். துளைக்கும்போது இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. அப்போது இரு கைப் பிடிதான்.

இது தரையில் நிற்கும்போது நடந்தால் கை வலிக்கும். நாற்காலியில் நிற்கும்போது நடந்தால் விழுவீர்கள். சுழல் நாற்காலி, பிளாஸ்டிக் முக்காலி, அடுக்கிய பெட்டி எதுவும் வேண்டாம். நான்கு கால்களும் தரையில் பதிந்த படி ஏணியைப் பயன்படுத்துங்கள். ஒருவர் கீழே பிடித்துக்கொள்ளட்டும். சன்னலுக்கு அருகே வேலை செய்தால் முதலில் சன்னலைச் சாத்துங்கள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழும் டிரில் கீழே நடப்பவரின் உயிரை எடுத்துவிடும். வெளிப்புறத்தில் வேலை செய்யும் ஊழியர்கள் கருவியைப் பிடிநாடாவால் கட்டியிருக்க வேண்டும். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு மின்கலம் மாற்றக் கூடாது.

கிரைண்டர்: தனிக் கவனம் தேவை

மின்கலக் கருவிகளில் எது ஆபத்தானது என்று ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் கிரைண்டரைக் காட்டலாம். 100 மில்லிமீட்டர் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் போகிறது. நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு 90 கிலோமீட்டர். டிஸ்க் உடைந்தால் அதன் துண்டுகள் அந்த வேகத்தில் உங்கள் முகத்துக்கு வரும்.

ஆகவே காப்பு மூடியைக் கழற்றாதீர்கள். ‘மூடி இருந்தால் மூலையில் வெட்ட முடியவில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. மூலையில் வெட்ட வேறு கருவி உண்டு. மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கைப் பொருத்துவது இன்னும் மோசம்: 125 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் குறைவு, 100 மில்லிமீட்டர் கிரைண்டரின் வேகமோ அதிகம். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று எண், கருவியின் மேல் உள்ள எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். டிஸ்க்கின் நடு உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பிசினால் ஒட்டிய டிஸ்க் நாளடைவில் வலுவிழக்கும், ஈரத்தில் இன்னும் விரைவாக. காலாவதியானதையும், கீழே விழுந்ததையும், விளிம்பு சிதைந்ததையும் குப்பையில் போடுங்கள். வெள்ளி நிறத்தில் பல்வைத்த மர பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அது மரத்தில் சிக்கினால் கிரைண்டர் உங்கள் தொடைக்கோ கழுத்துக்கோ துள்ளி வரும்.

வெட்டுவதற்கான 1 மில்லிமீட்டர் மெல்லிய டிஸ்க்கின் பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. வெட்டும் கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். விசையை விட்ட பிறகும் டிஸ்க் சில விநாடிகள் சுழலும். அது முழுதாக நின்ற பிறகே கீழே வையுங்கள். தீப்பொறி தெறிக்கும் பக்கத்தில் தின்னர், வார்னிஷ், மரத்தூள், அட்டைப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது.

கண், காது, நுரையீரல்

மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கிரைண்டருக்கு அதன்மேல் முகக் கவசமும் வேண்டும். தலைக்கு மேல் துளைக்கும்போது தூசு நேராகக் கண்ணில்தான் விழும்.

இரைச்சலில் கணக்கு எளிது. 85 டெசிபல் இரைச்சலில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி என்று இறங்கி 100 டெசிபலில் 15 நிமிடம்தான் மிஞ்சும். இம்பேக்ட் டிரைவர் உலோகத்தில் முடுக்கும்போதும் கிரைண்டர் வெட்டும்போதும் அந்த அளவை எட்டலாம். காதடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பாதியளவுகூடக் காக்காது. இழந்த செவித்திறன் திரும்ப வருவதில்லை. வேலை முடிந்த பின் காதில் ரீங்காரம் கேட்டால், அன்று நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள்.

கான்கிரீட், செங்கல், ஓடு ஆகியவற்றைத் துளைக்கும்போதும் வெட்டும்போதும் எழும் தூசில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசைவிடத் தெரியாத தூசே ஆழமாக நுரையீரலுக்குள் போகும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. அறுவை சிகிச்சை முகக்கவசமோ முகத்தில் கட்டிய கைக்குட்டையோ அதைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் தேவை. தாடி இருந்தால் அது சரியாக ஒட்டாது. வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். 1991-ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய கட்டடங்களில் பழைய கூரைத் தகடும் தடுப்புப் பலகையும் கல்நார் கலந்தவையாக இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் துளைக்காதீர்கள். உரிய நிபுணர் சோதித்த பிறகு தொடுங்கள்.

நாள் முழுவதும் அதிரும் கருவி பிடிப்பவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போவது, குளிரில் வெளுப்பது, இரவில் கை குறுகுறுப்பது போன்றவை தோன்றலாம். வேலை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். முற்றிய பிறகு நிறுத்தினால் உணர்வு முழுவதுமாகத் திரும்பாது.

மின்கலமும் சார்ஜரும்

இக்கருவிகளில் இருப்பவை பெரும்பாலும் லித்தியம் அயன் மின்கலங்கள். 18 வோல்ட் மின்கலத்தைப் பிரித்தால் உள்ளே 3.6 வோல்ட் சிறு மின்கலங்கள் ஐந்து வரிசையாக இணைந்திருக்கும். அவற்றுள் ஒன்று பழுதாகி அளவுக்கு மீறிச் சூடானால் அந்தச் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும்; அது அதற்கடுத்ததை. இப்படித் தொடங்கும் தீ விநாடிகளில் பரவும், நச்சுப்புகை விடும், அணைந்ததுபோல் தோன்றி மீண்டும் எரியும்.

கருவியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் ‘பொருந்தும்’ மின்கலங்கள் சிலவற்றில், சூட்டையும் மிகை மின்னேற்றத்தையும் தடுக்கும் மின்சுற்று ஒழுங்காக இருப்பதில்லை. வேறு நாட்டு இரண்டு முள் பிளக்கை மூன்று முள் பாயிண்டில் குச்சி செருகித் திணிக்காதீர்கள்.

வேலை முடிந்து சூடாக இருக்கும் மின்கலத்தை உடனே சார்ஜரில் போடாமல் ஆறவிடுங்கள். வெயிலில் நிற்கும் லாரியிலும் கார் டிக்கியிலும் விட்டுவைக்காதீர்கள். தூங்கும்போதும் வீட்டில் ஆள் இல்லாதபோதும் மின்னேற்ற வேண்டாம். மெத்தை, சோபா, துணிக்குவியல், காகிதம் ஆகியவற்றுக்கு அருகிலும் வேண்டாம்.

மின்னேற்றும் இடம் எது என்பது பலர் யோசிக்காத கேள்வி. நம் வீடுகளில் வாசலுக்குப் பக்கத்தில், காலணி அலமாரி மேல் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள். வீட்டைவிட்டு வெளியேற இருப்பது அந்த ஒரே வழி. அங்கே தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தங்கும் விடுதிகளில் அறைக் கதவருகே, கட்டிலுக்கு அடியில் மின்னேற்றுவதும் அப்படியே. வாசலுக்கு எதிர்த்திசையில், ஓடு பதித்த தரையில், சுற்றிலும் இடம் விட்டு வையுங்கள்.

மின்கலம் உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், கசிந்தால், இனிப்பான அல்லது இரசாயன வாடை வந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. மின்னேற்றிப் பார்க்காதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். தீப்பிடித்துவிட்டால் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 995-ஐ அழையுங்கள்.

காயம் பட்டுவிட்டால்

இரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை எதையும் காயத்தில் வைக்காதீர்கள். பாட்டி வைத்தது நல்லெண்ணத்தோடுதான். ஆனால் மருத்துவர் அதை ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுத்த பிறகே தையல் போட முடியும். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள்.

பிட்டோ ஆணியோ கைக்குள் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் துண்டைத் தேடி எடுங்கள். பதற்றத்தில் பலர் அதை நேராகப் பனிக்கட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் திசு உறைந்து கெட்டு, ஒட்டவைக்க முடியாமல் போகும். துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். 995-ஐ அழைத்து, துண்டையும் காயம்பட்டவரோடு அனுப்புங்கள். எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறதோ அவ்வளவு நல்லது.

கண்ணில் தூசு விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். உலோகத்தை வெட்டும்போது ‘சுருக்’கென்று ஏதோ பட்டு, பிறகு வலி குறைந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். வேகமாக வரும் சிறு துகள் கண்ணுக்குள் புகுந்துவிட்டு அதிகம் வலிக்காமலும் இருக்கும். கடைசியாக எப்போது டெட்டனஸ் தடுப்பூசி போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேலையிடத்தில் காயம் பட்டவர்களுக்கு

பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் ஆகியவற்றை முதலாளிதான் தர வேண்டும். அவற்றுக்காக உங்கள் சம்பளத்தில் பணம் பிடிக்கக் கூடாது. கருவியில் மூடி இல்லை, டிஸ்க் காலாவதியாகிவிட்டது என்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லி மாற்றுக் கருவி கேளுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் காலைக் கூட்டத்தில் நண்பர்களோடு சேர்ந்து சொல்லுங்கள்.

காயம் சிறிதோ பெரிதோ, மருத்துவரிடம் அது வேலையில் நடந்தது என்ற உண்மையைச் சொல்லுங்கள். ‘விடுதியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்’ என யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவக் குறிப்பில் எழுதியதைப் பின்னர் மாற்றுவது கடினம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் உள்ளூர் ஊழியர், வெளிநாட்டு ஊழியர் என்று பேதம் பார்ப்பதில்லை. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புக்கான சம்பளமும் அதன்கீழ் கிடைக்கும். ஒரே ஒரு நாள் எம்சி கிடைத்தாலும் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்சி, மருத்துவச் சீட்டு, கருவியின் புகைப்படம் மூன்றையும் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மின்கலமும் ஊருக்குக் கொண்டுபோகும் மின்கலமும்

மின்கலத்தைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியிலும் போடாதீர்கள். கீழே விழுந்து நசுங்கினாலோ குப்பை லாரியில் அழுத்தப்பட்டாலோ தீப்பிடிக்கும். உலோக முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்கலங்களை ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். பெரிய மின்பொருள் கடைகளிலும் இத்தொட்டிகள் உண்டு. உப்பியதையும் உடைந்ததையும் தொட்டியில் போடாமல், எங்கே ஒப்படைப்பது என்று வாங்கிய கடையில் கேளுங்கள்.

விடுப்பில் ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கோ தம்பிக்கோ டிரில் வாங்கிப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. விமானத்தில் கருவியும் மின்கலமும் வெவ்வேறு இடத்தில் போக வேண்டும். டிரில்லை விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வையுங்கள். அதைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். கழற்றிய மின்கலத்தை அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது. முனைகளை ஒட்டுநாடாவால் மூடிக் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். அளவு 100 வாட்மணிக்குள் இருக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்மணியால் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். 18 வோல்ட், 5 ஆம்பியர்மணி மின்கலம் 90 வாட்மணி, அதைக் கொண்டுபோகலாம். அதே 18 வோல்ட்டில் 6 ஆம்பியர்மணி என்றால் 108 ஆகிவிடும். விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. எத்தனை மின்கலம் கொண்டுபோகலாம் என்பதையும் சேர்த்து, கடையில் பணம் கொடுக்குமுன் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.